தொப்பூர் எறக்கத்துல கல்லு மழை

தொடாதீங்கண்ணா, டேங்க்ல பெயிண்ட் இன்னும் ஒட்டுது. வெரலு பட்டா அச்சு விழுந்துரும், அப்புறம் மறுக்காத் தேய்க்கணும். இப்படி இந்த ஸ்டூல்ல ஒக்காருங்க. கிரீஸு இல்லைங்க, காலையிலதான் சீமெண்ணெ போட்டுத் தொடச்சது.

அவரு இல்லைங்க. வெளிய போயிருக்காரு. எப்ப வருவாருன்னா... அது இப்பச் சொல்ல முடியாதுங்க. நான் அவரு சம்சாரம். நீங்க வரும்போதெல்லாம் உள்ள இருந்து டீ போட்டு அனுப்பறது நாந்தான். கதவுக்குப் பின்னால நின்னு நீங்க பேசறத எல்லாம் கேட்டுக்கிட்டு இருப்பேன். அதனால என்னை உங்களுக்குத் தெரியாது, உங்கள எனக்கு நல்லாத் தெரியும். வர்ற வியாழக்கெழம பாப்பாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் குடுக்கறதுக்குன்னு பெங்களூர்ல ஒரு ஆபீசர்கிட்ட சொல்லி வெச்சு வாங்குன எழுபத்திரெண்டாம் வருசத்துப் புல்லட்டு. ஒரு கீறல் கிடையாதுப்பா கவுஸு, சர்வீஸ் மட்டும் பண்ணி பளபளன்னு தொடச்சுக் குடுன்னு இவருகிட்ட சொன்னீங்க. மாப்பிள்ள வூட்ல எல்லாத்தையும் நோட்டம் பாக்கறவங்கன்னும் சொன்னீங்க. மறக்கலைங்க.

ஆமாங்க. விழுந்துருச்சு. இல்லைன்னு சொல்லல. டேங்க்ல அந்தத் தங்கக் கலரு கோடு லேசா தடிமனா இருக்குதுன்னு வந்தவொடனே கண்டுபுடிச்சிட்டீங்க, இனிமே மறைச்சு என்ன ஆவப் போவுது. எடது பக்கமா விழுந்ததுங்க. கிளட்ச் லீவரு பாதி ஒடஞ்சுது, கால் வெக்கற கம்பி பின்னால மடங்கிருச்சு, இந்தப் பழைய புல்லட்டுக்கு எடது பக்கந்தானே பிரேக்கு, அந்த மிதி உள்ள போயி இஞ்சின்ல ஒட்டிக்கிச்சு. டேங்க்ல ஒரு நசுங்கல், கோழி முட்ட அளவு இருக்கும். அவ்வளவுதாங்க. இஞ்சினுக்கு ஒண்ணுமில்ல, சைலன்சரு அந்தப் பக்கம், அதுக்கு ஒண்ணும் ஆவல. லீவரு புதுசு போட்டாச்சு. கம்பியப் பழுக்கக் காச்சி நிமித்தியாச்சு. நசுங்கலுக்குப் பட்டி வெச்சு, வாட்டர் பேப்பர் போட்டு மூணு வாட்டி தேய்ச்சு, நேத்து பெயிண்ட் அடிச்சாச்சு. தெரியற மாதிரி இருக்குதுங்களா? கோடு போவட்டும், கோட்டத் தவிர சொல்லுங்க.

கேக்கறீங்க, ஞாயந்தான். சர்வீஸுக்கு விட்ட வண்டி தொப்பூருக்கு எதுக்குப் போச்சு. சொல்றன். கோவப்படாம முழுசாக் கேளுங்க, அப்புறம் நீங்க என்ன செஞ்சாலும் சரி.

அவரு வெளிய போயிருக்காருன்னு சொன்னது பொய்யிங்க. சேலத்துல பெரியாஸ்பத்திரியில படுத்துருக்காரு. வயித்துல ஆப்பரேசன். இதோட அஞ்சு நாளாச்சு. யாராவது வண்டி கேட்டு வந்தா, ஆளு படுத்துட்டான்னு தெரிஞ்சா வேற எடத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போயிருவாங்கன்னு பயந்து, வெளிய போயிருக்காருன்னே சொல்லிப் பழகிட்டேன். உங்ககிட்டயும் அதே வந்துருச்சு.

திங்கக்கெழமயே வயித்து வலின்னு சொன்னாருங்க. சூடுன்னு நெனச்சு மோரு குடுத்தேன். வெந்தயம் குடுத்தேன். செவ்வாக்கெழம காலையில உங்க வண்டிக்கு ஆயில் மாத்தி, செயினு போட்டு, எல்லாம் முடிச்சுட்டு எந்திரிச்சாரு, அப்படியே வயித்தப் புடிச்சிக்கிட்டு சுருண்டுட்டாரு. நெத்தியெல்லாம் ஜில்லுனு வேர்வ. குதிர வண்டி வெச்சு இங்கத்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். டாக்டரு வயித்த ஒரு அமுக்கு அமுக்கிட்டு கைய எடுத்தாருங்க, இவரு போட்ட சத்தத்துல பக்கத்துல ஒரு கொழந்த அழுதுருச்சு. கொடல்வாலு வீங்கியிருக்குதும்மா, எப்ப வேணா வெடிக்கும், ஆப்பரேசன் பண்ற டாக்டரு ஊர்ல இல்ல, சேலம் கொண்டு போ, சாயங்காலத்துக்குள்ள போயிரணும்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு. வெடிச்சுட்டா என்ன ஆவும்னு கேட்டேன். அவரு சீட்ட மடிச்சு என் கையில வெச்சாரு.

பஸ்ஸு இருக்குதேன்னு நீங்க நெனைக்கறது புரியுதுங்க. நானும் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போனேன். அன்னிக்குக் காலையில தொப்பூர் கணவாயில ஒரு லாரி குறுக்க கவுந்து கெடந்ததுங்க. சேலம் பஸ்ஸெல்லாம் பாளையம்புதூரோட திருப்பி அனுப்பறாங்க, எப்ப வழி விடுவாங்கன்னு தெரியாதுன்னு டிக்கெட் குடுக்கறவரு சொல்லிட்டாரு. டாக்சி எடுத்தாலும் அதே கதிதான், காரு நொழைய எடமில்ல. சைக்கிளு, மோட்டார் சைக்கிளு மட்டும் ஓரமாப் புகுந்து போவுது, அப்படின்னாரு. இவர சிமெண்டு பெஞ்சில படுக்க வெச்சிட்டு நிக்கறேன். ஒதடு வெளுத்துப் போச்சு. பெரிய மச்சான், இவரு அண்ணன் அக்பர் அலி, கிருஷ்ணகிரியில ஏவாரம் பண்றாரு, அவருக்கு டிரங்கால் போட்டு லைனு கெடைக்கறதுக்குள்ள பொழுது போயிரும்.

பட்டறையில அன்னிக்கு நாலு வண்டி இருந்துச்சுங்க. மூணு வண்டி பிரிச்சுப் போட்டுக் கெடக்குது. ஓடற நெலமையில இருந்தது உங்க வண்டி ஒண்ணுதான். தப்புதாங்க. அடுத்தவங்க வண்டி, அதுவும் கல்யாணத்துக்கு வெச்சிருக்கற வண்டி. தெரிஞ்சேதான் எடுத்தோம்.

ஓட்டுனது... ஒருத்தரு ஓட்டுனாருங்க.

ஒருத்தருன்னா ஓட்டத் தெரிஞ்ச ஆளுங்க. பேரு எதுக்குங்க இப்ப.

சவுரியப்பனா? அந்தப் பேரு உங்களுக்கு யாரு சொன்னாங்க? பக்கத்து பீடிக் கடையிலயா. ஆமாங்க, லாரி டிரைவருதான். வண்டிய லாரியில ஏத்தியாந்து இங்க எறக்கி வெச்சிட்டுப் போனாரு, அத அவங்க பாத்துருக்காங்க. பெரிய மச்சான்கிட்டயும் நான் அப்படித்தான் சொல்லியிருக்கேன், சவுரியப்பன்னு ஒரு லாரி டிரைவரு வண்டி ஓட்டிக்கிட்டு வந்து ஆஸ்பத்திரியில சேத்தாருன்னு. மச்சான் ஊரெல்லாம் சொல்லிட்டாரு போல.

குடிச்சிருந்தாரான்னு கேக்காதீங்கண்ணா. அப்படியெல்லாம் இல்ல. அவரு ஒரு சொட்டு தொடலைங்க. அவரப் பத்தி அப்படிப் பேசாதீங்க.

விழுந்ததுக்குக் காரணம் மழைங்க. கல்லு மழை.

இங்க தருமபுரியில அன்னிக்கு வெயிலு, உங்க ஊர்லயும் வெயிலுதான் இருந்துருக்கும். அதனாலதான் யாரும் நம்ப மாட்டங்கறாங்க. நல்லம்பள்ளி தாண்டற வரைக்கும் ரோடு கொதிக்குது. கணவாய்க்கு மேல மட்டும் மானம் ஒரு மாதிரி பச்சையா, கருப்பா நிக்குது. பாளையம்புதூர்ல இருந்தே லாரி வரிசையா நிக்குதுங்க, ஒண்ணு பின்னால ஒண்ணு. டிரைவருங்க எல்லாம் நெழலுக்கு லாரிக்கு அடியில படுத்துக் கெடக்கறாங்க. ஓரத்துல மண்ணுல எறங்கி, மறுபடி தாருல ஏறி, அப்படியே மெதுவாப் போனோம். இவரு முனகறது கேட்டுக்கிட்டே இருக்குது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு முனகலு. முனகலு நின்னுட்டாத்தான் பயமா இருந்துச்சு.

எறக்கம் ஆரம்பிச்சு ரெண்டாவது வளைவுல காத்து வந்துச்சுங்க. சாதாக் காத்து இல்ல, ஐஸ் பொட்டியத் தொறந்தா மூஞ்சியில அடிக்குமே அந்த மாதிரி. அப்புறம் டம்மு டம்முன்னு லாரிங்க மேல சத்தம். கல்லு எறியறாங்கன்னுதான் மொதல்ல நெனச்சேன், ஜனங்க ஏதோ கலாட்டா பண்றாங்கன்னு. டேங்க் மேல ஒண்ணு விழுந்து எகிறுச்சு, அப்பத்தான் பாத்தேன், எலந்தப் பழம் அளவு ஐஸு. ரெண்டே நிமிசத்துல ரோடு வெள்ளையாப் போச்சு. உப்பளத்துல உப்பு வாரிக் கொட்டுன மாதிரி. எங்க தாரு முடியுது, எங்க பள்ளம் ஆரம்பிக்குதுன்னு தெரியல. எடது பக்கம் பாறை, வலது பக்கம் லாரிங்க, அந்தப் பக்கம் பாதாளம்.

நிறுத்தியிருக்கலாங்க. நிறுத்தி, ஏதாவது லாரிக்கு அடியில ஒதுங்கியிருக்கலாம். ஆனா மழை எப்ப நிக்கும்? சாயங்காலத்துக்குள்ளன்னு டாக்டரு சொன்னது மண்டைக்குள்ள கேட்டுக்கிட்டே இருக்குது. அந்த எறக்கத்துல வண்டி தானாவே போவுதுங்க. ஆக்சிலேட்டர விட்டாலும் போவுது. கோலிக்குண்டு மேல நிக்க வெச்ச மாதிரி சக்கரம் இங்கயும் அங்கயும் ஆடுது. முன்னால ஒரு லாரியோட பின்பக்கம் கிட்ட வந்துக்கிட்டே இருக்குது. பயத்துல பிரேக்க ஒரு மிதி மிதிச்சேன்... மிதிச்சாருங்க. மிதிச்சதுதான் தப்பு. அந்த மாதிரி ரோட்டுல மிதிக்கக் கூடாது. பின் சக்கரம் வழுக்கி முன்னால வரப் பாக்குது. அப்படியே சாஞ்சு, எடது பக்கமா, மெதுவா, யாரோ கையப் புடிச்சுப் படுக்க வெச்ச மாதிரி விழுந்துச்சு. விழுந்து பத்தடி சறுக்கிக்கிட்டுப் போயி பாறையில முட்டி நின்னுச்சு. டேங்க் நசுங்குனது அங்கதாங்க.

அடிபட்டுச்சுங்க. ஓட்டுனவங்களுக்கு எடது முட்டி, முழங்கை. அதெல்லாம் ஆறிப்போச்சு, அத விடுங்க.

இவரு கீழ கெடக்கறாரு. ஐஸு மேல மேல விழுது, மூஞ்சியில, கழுத்துல. செத்துட்டாருன்னு நெனச்சேன். கன்னத்தத் தட்டுனேன். கண்ணத் தொறந்தாருங்க. தொறந்து, மொத வார்த்தை என்ன சொன்னாரு தெரியுங்களா. பெட்ரோல மூடுன்னாரு. வண்டி சாஞ்சு கெடந்தா கார்பரேட்டர்ல பெட்ரோலு ஒழுகும், சூடான இஞ்சின் மேல பட்டா போச்சு. சாவக் கெடக்கற மனுசனுக்கு அந்த ஞாபகம். உங்க வண்டிங்கற ஞாபகமுந்தான் இருந்துருக்கும். கைய விட்டுத் துழாவி மூடியாச்சு.

அந்த எடத்துல எங்களச் சுத்தி நாப்பது அம்பது பேரு இருந்துருப்பாங்க, எல்லாம் லாரிக்கு அடியில. யாரும் வெளிய வரலைங்க. அவங்கள என்ன சொல்றது, தலையில விழுந்தா மண்ட ஒடையற ஐஸு. ஒரே ஒரு ஆளு மட்டும் கோணிச் சாக்க மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டு குனிஞ்சு ஓடியாந்தாரு. வந்து ஒண்ணும் கேக்கல. மொதல்ல அந்தச் சாக்க எடுத்து இவரு மூஞ்சி மேல போட்டாரு. அப்புறம் வண்டியப் புடிச்சாரு. மூணு வாட்டி தூக்கிப் பாத்தோம், கால் நிக்கல, வழுக்கி வழுக்கி விழறோம். நாலாவது வாட்டி அவரு முதுக வண்டிக்குக் குடுத்து, கால பாறையில ஒதச்சு, நிமித்திட்டாரு.

பிரேக் மிதி இஞ்சின்ல ஒட்டிக்கிட்டு அசையல. அவரு லாரிக்கு ஓடிப் போயி ஜாக்கி ராடு எடுத்தாந்தாரு. மிதிக்கும் இஞ்சினுக்கும் நடுவுல ராட விட்டு நெம்பறாரு, இங்க இருந்து நாங்க இழுக்கறோம், டக்குனு வந்துச்சு. ரொம்ப நெம்பாதீங்க, ஒடஞ்சுட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நான் சொன்னேன். அவரு என்னை ஒரு பார்வ பாத்தாரு. கிளட்ச் லீவர்ல ரெண்டு வெரலு புடிக்கற அளவுதான் மிச்சம். ரெண்டு வெரலு போதும். இவரத் தூக்கி மறுபடி பின்னால ஒக்கார வெச்சாச்சு.

அதுக்கப்புறம் அந்த மனுசன் செஞ்சத நான் உசிரு இருக்கற வரைக்கும் மறக்க மாட்டங்க. லாரியில இருந்து நாலு காலிச் சாக்கு கொண்டாந்தாரு. ஐஸு மேல ரெண்டு சாக்க விரிச்சாரு. வண்டி அது மேல உருண்டுச்சு. பின்னால இருக்கற சாக்க எடுத்து முன்னால விரிச்சாரு. மறுபடி உருண்டுச்சு. அப்படியே சாக்கு மேல சாக்கா, கல்லு மழ அவரு முதுகுல விழ விழ, அடுத்த வளைவு தாண்டி, அதுக்கடுத்த வளைவும் தாண்டி, ரோடு கருப்பாத் தெரியற வரைக்கும் வந்தாருங்க. ரெண்டு பர்லாங்கு இருக்கும். கடைசியில கையெல்லாம் செவந்து போயி வெரல மடக்க முடியல அவருக்கு. போம்மா, சேலம் போயிரு, நிறுத்தாதன்னாரு.

கீழ தொப்பூர்ல சொட்டு மழை இல்லைங்க. டீக்கடையில ஜனங்க எங்களப் பாத்து, எங்க முழுவிட்டு வர்றீங்கன்னு கேட்டாங்க.

நாலே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. அஞ்சு மணிக்கு உள்ள எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. வெடிக்கற நெலமையில இருந்துச்சாம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா நான் பொறுப்பில்லன்னு அந்த டாக்டரம்மா வெளிய வந்து சொன்னாங்க. இப்ப கஞ்சி குடிக்கறாரு. என் நாத்தனாரு வஹிதா பக்கத்துல இருக்கறா. கட்டு பிரிக்க இன்னும் நாலு நாளாவும், அப்புறம் ரெண்டு மாசத்துக்கு வெயிட்டு தூக்கக் கூடாது, குனியக் கூடாது, கிக்கு ஒதைக்கவே கூடாதுன்னுட்டாங்க.

வண்டி எப்படித் திரும்பி வந்துச்சுன்னா, ஆஸ்பத்திரியில நிறுத்தியிருந்துச்சு. வியாழக்கெழம அந்த டிரைவரு சேலத்துல லோடு எறக்கிட்டு, எங்கள வார்டு வார்டாத் தேடிக்கிட்டு வந்தாரு. ஆளு பொழச்சாரான்னு கேக்கறதுக்காக வந்துருக்காரு. திரும்பிப் போற காலி வண்டிதான், மோட்டார் சைக்கிள ஏத்திக்கறேன், நீயும் முன்னால ஒக்காந்துக்கம்மான்னாரு. அப்படித்தாங்க வந்தோம். பீடிக் கடைக்காரரு பாத்தது அத.

வெள்ளிக்கெழமயும் நேத்தும் ராவாப் பகலா ஒக்காந்து வண்டிய இந்த நெலமைக்குக் கொண்டாந்தாச்சு. உங்களுக்குச் சொன்ன நாள் இன்னிக்கு. சொன்ன நாளுக்கு வண்டி குடுக்கலைன்னா இவருக்கு அங்க சோறு எறங்காது.

என்னங்கண்ணா, எந்திரிச்சிட்டீங்க. எங்க?

ஸ்டேசனுக்கா.

இல்லைங்க, இருங்க. உங்களுக்கு எங்க மேல கோவம் இல்லைன்னு சொல்றது பெரிய மனசு. ஒடம்பு முடியாத ஆளு, உசிருக்குப் போராடுனாரு, வண்டிய எடுத்தது கூடப் பரவால்லன்னு சொல்றீங்க. ஆனா ஓட்டத் தெரியாதவன் ஓட்டி என் வண்டியக் கெடுத்துட்டான், அவன விடக் கூடாது, லாரி டிரைவருங்களுக்கே திமிருன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான். எஸ்.ஐ. உங்களுக்குச் சொந்தமா. அப்ப எழுதிக் குடுத்தா ஒடனே ஆள் அனுப்புவாங்க. லைசென்ஸப் புடுங்குவாங்க. மொதலாளி லாரிய விட்டு எறக்கிருவாரு. அவருக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க, லாரியில வரும்போது சொல்லிக்கிட்டு வந்தாரு.

அண்ணா, கொஞ்சம் நில்லுங்க. சவுரியப்பன் மேல எழுதாதீங்க. எழுதுனா அது பொய் கேசு ஆயிரும். அந்தச் சாக்கு விரிச்ச மனுசன்தாங்க சவுரியப்பன். வண்டி விழுந்ததுக்கப்புறம் வந்தவரு. அவரயே கேட்டேன், நீங்க ஓட்டிக்கிட்டு வர்றீங்களான்னு. சிரிச்சாரு. எனக்கு லாரி மட்டுந்தாம்மா வரும், சைக்கிளு கூட ஓட்டத் தெரியாதுன்னாரு.

ஓட்டுனது நாந்தாங்க.

இங்க இருந்து சேலம் பெரியாஸ்பத்திரி வாசல் வரைக்கும். இவரப் பின்னால ஒக்கார வெச்சு, போட்டுக்கிட்டிருந்த துப்பட்டியக் கயிறாத் திரிச்சு, அவரு இடுப்பையும் என் இடுப்பையும் சேத்துக் கட்டிக்கிட்டேன், விழுந்தப்ப அவுத்து மறுபடி கட்டுனேன். தலையில ஒண்ணுமில்ல. பாருங்க, இந்த நெத்தியில இருக்கறது ஐஸு விழுந்த காயம். பின்னால ஒக்காந்திருந்தா நெத்தியில எப்படிப் படும். மச்சான்கிட்ட எப்படிங்க சொல்றது? அக்பர் அலி தம்பி பொண்டாட்டி முக்காடு இல்லாம புல்லட்டுல சேலம் போனான்னு ஊர்ல பேசுவாங்க, அவரு தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிப்பாரு. அதனால வாயில வந்த பேரச் சொல்லிட்டேன். நல்லது செஞ்ச ஆளு, பேரச் சொன்னா அவருக்குப் பெருமைன்னுதான் நெனச்சேன். இப்படித் திரும்பும்னு தெரியல.

கல்யாணமாகி வந்து பதினோரு வருசமாச்சுங்க. பட்டற வூட்டுக்கு முன்னால. மொதல்ல ஸ்பேனர் எடுத்துக் குடுத்தேன், அப்புறம் கார்பரேட்டரு கழுவுனேன், அப்புறம் அவரு சொல்லச் சொல்லப் பிரிச்சேன், அப்புறம் அவரு சொல்லாமயே பிரிச்சேன். வண்டிய ஸ்டார்ட் பண்ணி வெக்கறது என் வேல. பின்னால சந்துல ஒண்ணாவது கியரு, ரெண்டாவது கியரு ஓட்டிப் பாத்துருக்கேன். மூணாவது கியரு அன்னிக்குத்தாங்க மொத மொதல்ல போட்டேன், நல்லம்பள்ளிகிட்ட. போட்டதும் வண்டி சத்தம் மாறுச்சு. அந்த நேரத்துல சந்தோசப்பட்டேன்னு சொன்னா தப்பா நெனைப்பீங்க. ஒரு நொடி பட்டேங்க.

அவருக்குத் தெரியும். ஆப்பரேசன் முடிஞ்சு மறுநாள் கண்ணு முழிச்சு, கிட்டக் கூப்புட்டாரு. ஏதோ நல்ல வார்த்த சொல்லப் போறாருன்னு காதக் குடுத்தேன். கிளட்ச்ச அப்படிச் சடக்குனு விடாத, செயினு இழுத்துக்கும்னாரு. சொல்லிட்டு என் கையப் புடிச்சிக்கிட்டுத் தூங்கிட்டாரு.

பட்டி வெச்சதும் நாந்தாங்க. பெயிண்டும் நாந்தான். அந்தக் கோடு தடிமனாப் போனதுக்குக் காரணம் முழங்கையில வலி, ஒரே இழுப்புல இழுக்க முடியல. ஒரு நாளு டைம் குடுத்தீங்கன்னா அழிச்சிட்டு மறுபடி போட்டுத் தர்றன், சன்னமா வரும்.

ஏன் மறுபடி ஒக்காந்துட்டீங்க? தண்ணி தரட்டுங்களா?

எழுதறதுன்னா தாராளமா எழுதிக் குடுங்கண்ணா. நான் வேணாங்கல, தப்பு நடந்துருக்குது. ஆனா பேரு மட்டும் சரியா எழுதுங்க. அஸ்கரி பேகம். கவுஸ் பாஷா சம்சாரம். வயசு முப்பத்தொண்ணு. தொழில்னு ஒண்ணு கேப்பாங்க இல்ல, அங்க மெக்கானிக்குன்னு போடுங்க.